அர்ஜினைன் பவுடர் வாங்கும் முன்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு ஒரே பொருள் மூன்று வழியில் வந்து சேர்ந்தது. தம்பிக்கு ஜிம் கோச் "பம்ப் நல்லா வரும்" என்று சொல்லி ஒரு டப்பா வாங்க வைத்தார். கர்ப்பமாக இருந்த தங்கச்சிக்கு ஆறாவது மாதத்தில் டாக்டர் சாஷே, அதாவது ஒரு வேளைக்கான சின்னப் பொடிப் பாக்கெட், எழுதிக் கொடுத்தார். ஸ்டென்ட் வைத்த மாமாவுக்கு, ரத்தக்குழாய் விரியும் என்று சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பவுடரின் படத்தை அனுப்பினார். மூன்றையும் திருப்பிப் பின்பக்கம் படித்தால் முதல் வரியில் எல்-அர்ஜினைன்.

சரி, மூன்று பேரும் சாப்பிடலாமா என்று கேட்டால் ஒரு இடத்திலும் நேரான பதில் இல்லை. கோச் "இயற்கையானதுதான், ஒண்ணும் ஆகாது" என்றார். மருந்துக்கடைக்காரர் "இது மருந்தே இல்லம்மா, சத்துப் பொடி" என்றார். ஓ.பி.யில் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் நமக்கே கேட்க வாய் வராது. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன், நீங்களும் அதே அலைச்சல் படவேண்டாம் என்று.

அர்ஜினைன் ஓர் அமினோ அமிலம். நம் உடம்பே ஓரளவு தயாரித்துக்கொள்ளும், மீதி சாப்பாட்டில் வரும். உடம்பு இதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது, அது ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதை விற்பவர்கள் சொல்லும் எல்லா நன்மையும் இந்த ஒரு வேலையிலிருந்துதான் வருகிறது, இதனால் வரும் ஆபத்தில் பாதியும் இதிலிருந்துதான்.

1. முதலில் பாருங்கள்: நீங்கள் தொடவே கூடாதவரா?

மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினைன் வேண்டாம். இதில் "கொஞ்சமா எடுத்தா?" என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2006-இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 3 கிராம் வரை அர்ஜினைன், மீதிப் பேருக்கு அர்ஜினைன் இல்லாத வெறும் பொடி. ஆறு மாதக் கணக்கில் அர்ஜினைன் பக்கம் 6 பேர் இறந்தார்கள், வெறும் பொடி பக்கம் ஒருவர்கூட இல்லை. ரத்தக்குழாய் விறைப்பாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆய்வில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் பொருள் இதயத்துக்கு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றுவது எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பதற்கு இது போதும். மாமாவுக்கு வந்த படத்தை அன்றைக்கே அழித்தோம்.

இன்னும் சிலர் டாக்டர் நேரடியாகச் சொல்லாமல் தொடக்கூடாது:

சிறுநீரகப் பிரச்சினை, கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

பி.பி. ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், எழுந்தால் தலை சுற்றுபவர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள். வீசிங் கூடலாம். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள், நம் ஏரியாவில் இன்ஹேலர் இல்லாத வீடு கம்மி.

உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள். அந்த வைரஸ் பெருக அர்ஜினைன் உதவும்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

2. எதற்காக வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

எழுத முடியவில்லை என்றால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம், காசு மிச்சம்.

பி.பி.க்காக என்றால்: ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி, கீழ் அளவு 3 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது. பொய் இல்லை, ஆனால் சின்ன இறக்கம். இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மோசமான முடிவு வேறில்லை. உப்பைக் குறைத்தாலே, அதாவது கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் குறைத்தாலே, கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும்.

ஜிம்முக்காக என்றால்: கோச் சொன்ன "பம்ப்", அதாவது நரம்பு புடைத்துத் தெரிவதற்கும் சதை வளர்வதற்கும் சம்பந்தமில்லை. வாயால் சாப்பிடும் அர்ஜினைனில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே உடைத்துவிடும். அதனால்தான் சிட்ருல்லின் என்ற இன்னொரு அமினோ அமிலம் ரத்தத்தில் அர்ஜினைனை இதைவிட நன்றாக ஏற்றுகிறது. உடற்பயிற்சித் திறனுக்கு அர்ஜினைன் உதவுகிறதா என்றால் ஆய்வு முடிவுகள் அங்கும் இங்குமாக இருக்கின்றன. என் கணக்கில் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

ஆண்மைக் குறைவுக்கு: லேசான பிரச்சினையில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பிரச்சினையே பல பேருக்குச் சர்க்கரை அல்லது இதய நோயின் முதல் அறிகுறி. வெட்கப்பட்டுக்கொண்டு பவுடர் வாங்குவதை விட சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுவது முதல் வேலை.

உயரம் வளர: கிடையாது. ஆஸ்பத்திரியில் வளர்ச்சி ஹார்மோன் சரியாகச் சுரக்கிறதா என்று பார்க்க அர்ஜினைனை நரம்பில் ஏற்றிச் சோதிப்பது உண்டு. அதைத் திரித்துப் பத்தாவது படிக்கும் பையன்களிடம் "ஹைட் ஏறும்" என்று விற்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு: இது தனிக் கதை. ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து இருக்கும்போதும், குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருக்கும்போதும், பனிக்குட நீர் குறையும்போதும் சில டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். பிரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய், வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு வைட்டமின்களோடு சேர்த்துக் கொடுத்ததில் பலன் கண்ட ஆய்வும் உண்டு. ஆனால் "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கொடுத்தாங்க, குழந்தை நல்லா வெயிட் போட்டுது" என்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எழுதித் தந்த டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்காக, எத்தனை வாரம், எப்போது நிறுத்த வேண்டும். ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரி அரசு மகப்பேறு மருத்துவமனையில் பதிவு செய்துவிட்டு, நடுவில் தனியார் கிளினிக்கிலும் காட்டுபவர்கள் நம் பக்கம் நிறைய. அப்படி என்றால் சாஷே அட்டையையும் தாய்சேய் நலப் புத்தகத்தையும் ஒன்றாக எடுத்துப்போய் இரண்டு பக்கமும் காட்டுங்கள். இங்கே இரும்புச்சத்து, அங்கே சாஷே என்று ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எழுதிக்கொண்டே போவார்கள்.

3. வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

டாக்டரிடம் போகும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான், யாரும் செய்வதில்லை. ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள், பிராண்டு பெயர் போதாது.

எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிபவை, டெல்மிசார்டான், லோசார்டான் மாதிரி "சார்டான்" என்று முடிபவை, ஸ்பைரோனோலாக்டோன்: இவை தாமாகவே பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அர்ஜினைனும் சேர்ந்தால் இரட்டை ஏற்றம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பி.பி. மாத்திரை வருபவர்கள் அந்த அட்டையையும் பாருங்கள்.

மற்ற பி.பி. மாத்திரைகள், அம்லோடிபின் உட்பட: அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரைகள், வயாகரா வகை மாத்திரைகள்: இவற்றோடு சேர்க்கவே கூடாது, மயங்கி விழ வைக்கும்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின்: சர்க்கரை கூடுதலாக இறங்கலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரைகள்: ரத்தக் கசிவு கூட வாய்ப்புண்டு, டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

4. டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் பதில் வாங்குவது

கையில் இருக்க வேண்டியவை: மேலே எழுதிய மாத்திரைப் பட்டியல், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அது, கடைசி ரத்தப் பரிசோதனை, டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் போட்டோ. டப்பாவையே தூக்கிப் போகவும் செய்யலாம், சில டாக்டர்கள் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஸ்டான்லி ஓ.பி. என்றால் காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் போனால் அன்றைய நாள் வீண். திங்கட்கிழமையை முடிந்தால் தவிருங்கள், ஞாயிறு சேர்ந்த கூட்டமும் அன்றைக்குத்தான் வரும். ஆதார் அட்டையும் பழைய ஓ.பி. சீட்டும் எடுத்துப்போங்கள். செலவு போக்குவரத்துதான். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை இரண்டும் இலவசமாகப் பார்த்துவிட்டு அங்குள்ள டாக்டரிடமே கேட்கலாம், கூட்டமும் குறைவு. தனியார் கிளினிக்கில் பீஸ் பொதுவாக 200 ரூபாயிலிருந்து 500 வரை.

உள்ளே போனதும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இந்த அர்ஜினைன் ஒரு நாளைக்கு இத்தனை கிராம், இந்த மாத்திரைகளோட சாப்பிடலாமா? பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கணுமா?" கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. தாளை நீட்டிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் நேரான பதில் வரும். வேண்டாம் என்றால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமே.

5. ரத்தப் பரிசோதனை

எல்லோருக்கும் தேவையில்லை. பி.பி. அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் ஐம்பது தாண்டியவர்களும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரசு மருத்துவமனையில் காசு இல்லை. தனியார் லேபில் இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய், பெரும்பாலும் அன்று மாலையே ரிப்போர்ட். "ஃபுல் பாடி செக்கப் ஆஃபர்ல இருக்கு சார்" என்று ஆயிரக்கணக்கில் இழுப்பார்கள், இதற்கு அது வேண்டாம்.

பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை. ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் கையைத் தளர்வாக வையுங்கள். 5-க்கு மேல் காட்டினால் அர்ஜினைன் பேச்சை விட்டுவிட்டு அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

6. டப்பாவைப் படிக்கும் முறை

மருந்துக்கடையில் விற்பதால் இது மருந்து என்று நினைக்காதீர்கள். பல சாஷேக்களின் பின்னால் இருப்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், அதாவது சட்டப்படி அது உணவு வகை. ஒரு புது மருந்து விற்பனைக்கு வரும் முன் காட்ட வேண்டிய நிரூபணம் இதற்குத் தேவையில்லை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அட்டையிலேயே போட்டிருப்பார்கள், அப்படிப் போட வேண்டும் என்பதுதான் விதி. அதே அட்டையின் முன்பக்கம் இதயப் படம் போட்டிருந்தால் நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு மட்டும். சப்ளிமென்ட் தயாரிக்க உரிமம் வேண்டும், 2-இல் தொடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். டப்பாவில் ஒரு பெயர், தளத்தில் வேறு பெயர் என்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளரின் பெயரும் அவருடைய உரிம எண்ணும் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும்.

அப்புறம் அளவு. எல்-அர்ஜினைன் ஹைட்ரோகுளோரைடு 3 கிராம் என்றால் உள்ளே அர்ஜினைன் ஏறக்குறைய 2.5 கிராம்தான். ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டோடு சேர்த்த வகையில், இரண்டுக்கு ஒன்று என்று போட்டிருந்தால், 70 சதவீதம்தான் அர்ஜினைன். "புரொப்ரைட்டரி பிளெண்ட் 8 கிராம்" என்று மொத்தமாகப் போட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லவில்லை என்றால் அந்த டப்பா வேண்டவே வேண்டாம். ஜிம்மில் விற்கும் ப்ரீ-வொர்க்அவுட் (பயிற்சிக்கு முன் குடிக்கும்) பொடிகள் பலவற்றில் காஃபீன் தாராளமாக இருக்கும், படபடப்புக்கு அர்ஜினைன் மேல் பழி போடுவோம்.

சர்க்கரைக்காரர்கள் சாஷேயின் சுவையூட்டிகளைப் பாருங்கள். ஆரஞ்சு ருசி சும்மா வராது.

வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் பாக்ஸிங், ஃபுட்பால் ஆடும் பசங்களுக்கு ஒன்று: அர்ஜினைன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் கலவைப் பொடிகளில் லேபிளில் சொல்லாத தடைப் பொருள், உதாரணத்துக்கு மெத்தில்ஹெக்சானமைன், கலந்து பிடிபட்ட கதைகள் உலகம் முழுக்க உண்டு. சாம்பிளில் இருந்தால் ஆடினவன்தான் பொறுப்பு, "கோச் கொடுத்தார்" என்பது செல்லாது. மாநிலப் போட்டிக்குப் போகிறவன் இந்தக் கலவைகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

7. விலைக் கணக்கு, வாங்கும் இடம்

டப்பா விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிராம் அர்ஜினைன் எவ்வளவு என்று பாருங்கள். 300 கிராம் டப்பா 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கிராம் 3 ரூபாய். 3 கிராம் சாஷே ஒன்று 45 ரூபாய் என்றால் கிராம் 15 ரூபாய், அதில் பாதி ஃபிளேவர் காசு. ஒரு நாளைக்கு இரண்டு சாஷே என்றால் மாதம் 2,700. கர்ப்பிணிக்கு எழுதித் தந்தால் "இதே அளவில் விலை குறைந்த கம்பெனி இருக்கா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முதலில் பத்து நாளைக்கு மட்டும் வாங்குங்கள், மொத்தமாக வாங்கிவிட்டு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

டப்பாவைப் பிரித்து ஜிப் கவரில் போட்டு ஜிம்மிலேயே விற்பதை வாங்காதீர்கள். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் விற்கும் தெருக்களில் கிலோ கணக்கில் சல்லிசாகக் கிடைக்கும் என்று சொல்லும் அதிபுத்திசாலிகளும் உண்டு. லேபுக்கும் ஃபேக்டரிக்கும் போகும் சரக்கு வயிற்றுக்கு இல்லை. எங்கே வாங்கினாலும் பேட்ச் எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்பதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 3 கிராம் அர்ஜினைன், அதாவது சாஷே அளவு. கொண்டைக்கடலை, எள், மீன், கோழி எல்லாவற்றிலும் உண்டு. காசிமேட்டில் காலையில் மீன் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் அர்ஜினைன் பற்றாக்குறை வர வாய்ப்பு ரொம்பக் கம்மி.

8. டாக்டர் சரி என்றால் ஆரம்பிப்பது இப்படி

ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் பி.பி. பார்த்து எழுதி வையுங்கள். இல்லையென்றால் பலன் இருந்ததா என்று கடைசிவரை தெரியாது.

டாக்டர் சொன்ன அளவில் பாதியில் தொடங்கிச் சில நாளில் ஏற்றுங்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 முதல் 6 கிராம் வரை பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் இது ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் பிரித்து எடுப்பது. ஒரே வேளையில் 9 கிராம் தாண்டினால் வயிற்றுப்போக்கு வர வாய்ப்பு அதிகம். வயிறு உப்புசம், குமட்டல் குறைந்த அளவிலும் வரலாம். ஃபிளேவர் இல்லாத தூய பொடிக்கு ஒரு மாதிரி கவுச்சி வாடை உண்டு, கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் கலந்தால் இறங்கும்.

நம் ஊர் கடல்காற்றில் பொடி சீக்கிரம் கட்டியாகிவிடும். ஈரக் கரண்டி போடாமல், உள்ளே இருக்கும் சின்ன சிலிகா பையை எடுக்காமல், மூடியை இறுக்கி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் இன்னும் ஈரம் கோக்கும்.

எட்டு வாரத்தில் எழுதி வைத்த எண்ணில் மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

9. உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, கை கால் திடீரென்று பலமிழப்பது, முகம் வீங்கி மூச்சு திணறுவது: இவற்றில் எது வந்தாலும் 108. கூடவே டப்பாவையும் எடுத்துப்போங்கள், எமர்ஜென்சியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கும்போது "ஏதோ ஜிம் பவுடர்" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. உயிருக்கு ஆபத்தில்லாத சந்தேகம் என்றால் அரசு சுகாதார உதவி எண் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.

10. பொருளில் சந்தேகம் வந்தால்

சீல் உடைந்திருந்தது, நிறம் மாறியிருந்தது, உரிம எண் பொய் என்று தெரிந்தது: டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், மீதிப் பொடியோடு அப்படியே வையுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் போடலாம். பில், பேட்ச் எண், லேபிள் போட்டோ மூன்றும் கேட்பார்கள். காசு திரும்ப வேண்டும் என்றால் அது தனி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், பில் இல்லாமல் கூப்பிட்டால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.